யோசப் யோவாகிம்: குறைவாக எழுதியவர் எப்படி இவ்வளவு பெரியவர் ஆனார்?

கேள்வி:
ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸைப் பற்றி எதைப் படிக்கப் போனாலும் வயலின்காரர் யோவாகிம் வந்து நின்றுவிடுகிறார். இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான ஷூமனைப் படித்தாலும் அவர்தான். ஆனால் தாங்களே எழுதி வாசித்த வயலின்காரர்களான பகானினி, சரசாத்தே அளவுக்கு இவர் எழுதியதை இன்று மேடையில் கேட்க முடிவதில்லை. அப்புறம் எதற்காக 19ஆம் நூற்றாண்டின் பெரிய வயலின்காரர் என்கிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1:
எழுதியதை வைத்து அளந்தால் அவர் பிடிபடமாட்டார். 1831இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்து, வியன்னாவில் படித்து, ஜெர்மனியின் லைப்சிக்கில் இசையமைப்பாளர் மெண்டல்சோனிடம் போய்ச் சேர்ந்தவர். 1844 மே மாதம் லண்டனில், மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தபோது வயது 12! 1806இல் எழுதப்பட்டும் அதுவரை பெரும்பாலும் ஒதுங்கிக் கிடந்த படைப்பு அது. இன்று அது எல்லார் மேடையிலும் இருக்கிறது என்றால் அந்தச் சிறுவனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. விரல் வித்தைக்குத்தான் கைதட்டல் என்றிருந்த காலத்தில், பாக்கின் தனி வயலின் படைப்புகளையும் நான்கு தந்திக் கருவிகளுக்கான பீத்தோவனின் நால்வர் இசையையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1869இல் பெர்லினில் இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார்.

பதில் 2:
பிராம்ஸ் கான்செர்ட்டோவை விட்டுவிட்டீர்களே. பிராம்ஸ் பியானோக்காரர், வயலினில் கை எங்கே இடறும் என்று அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. 1878 கோடையில் தனி வயலின் பகுதியை யோவாகிமுக்கு அனுப்பி, எது கடினம், எது கைக்கு வசதிப்படாது, எது வாசிக்கவே முடியாது என்று குறித்துத் தரச் சொன்னார். கடிதம் மேல் கடிதமாக வில் எப்படிப் போகவேண்டும் என்பதுவரை பேசினார்கள், எல்லாவற்றையும் பிராம்ஸ் ஏற்கவும் இல்லை. 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக்கில் அரங்கேற்றம். அதற்கு யோவாகிம் எழுதிய கடென்ஸாவைத்தான் (இசைக்குழு நிற்க, தனி வயலின் மட்டும் வாசிக்கும் பகுதி) இன்றும் பலர் வாசிக்கிறார்கள்.

பதில் 3:
எல்லாம் சரி, ஆனால் மறுபக்கமும் உண்டு. 1853இல் ஷூமன் இவருக்காகவே எழுதிய வயலின் கான்செர்ட்டோவை யோவாகிம் வெளியில் விடாமல் வைத்துக்கொண்டார், அது மேடையேற 1937 ஆயிற்று. அந்த மெதுவான நடுப்பகுதியைக் கேட்டவர்களுக்கு இதை மன்னிக்க மனம் வராது. மனைவி அமாலி நல்ல பாடகி. அவர்மேல் சந்தேகப்பட்டு யோவாகிம் விவாகரத்து கேட்டுப் போனார், அமாலிக்காக பிராம்ஸ் எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டு அந்த நட்பும் முறிந்தது. 1887இல் வயலினுக்கும் செல்லோவுக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதித்தான் பிராம்ஸ் சமாதானத்துக்கு வந்தார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவர் வாசித்ததைக் கேட்க வழி இருக்கிறதா?

பதில் 2:
இருக்கிறது. 1903இல், எழுபதைத் தாண்டிய வயதில், ஐந்து பதிவுகள் செய்தார். பாக்கின் ஜி மைனர் அடாஜியோ என்ற மெதுவான பகுதியிலிருந்து தொடங்குங்கள். இரைச்சலுக்குக் காது பழகட்டும், அப்புறம் இடது கையைக் கவனியுங்கள்: இன்றைக்குப் போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைக்காமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் லேசான நடுக்கம்.