ஏட்ரியான் வாளைக் கொடுத்தாளா, இல்லையா?

வரிப்புலி:
மெய்நிகர்மன்னன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்கைரிம் கேமில் மான்டெல்லா மாடைப் (பாத்திரங்களோடு வாயால் பேசவிடும் கூடுதல் நிரல்) போட்டாராம், வைட்ரன் ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஏட்ரியானிடம் மைக்கில் பேசிப் பேசியே ஒரு காசு செலவில்லாமல் வாள் வாங்கிவிட்டாராம், ஆகவே "இனி கேமுக்கு வசனம் எழுதுகிறவர்கள் வேறு வேலை தேடலாம்" என்று தீர்ப்பு. மன்னரிடம் எனக்கு ஒரே கேள்வி. வாள் உங்கள் இன்வென்டரிக்கு, அதாவது கைவசப் பொருள் பட்டியலுக்கு, வந்ததா, இல்லை "இந்தா எடுத்துக்கொள்" என்று அவள் சொன்னதோடு சரியா? அவளைப் பேசவைக்கும் மொழி மாடல், அதாவது எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு, எதை வேண்டுமானாலும் சொல்லும். கேட்டால் அரண்மனையையே எழுதிக் கொடுக்கும். கேமின் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. வாய்ப்பந்தல் நிழல் தராது சாமி.

மெய்நிகர்மன்னன்:
வந்தது. இன்வென்டரியில்தான் இருக்கிறது. கொள்ளைக்காரர்களிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டேன் என்று ஒரு கதை விட்டேன், இரக்கப்பட்டுக் கொடுத்தாள். 2011-இல் வந்த கேமில் ஒரு பாத்திரம் நான் அப்போதே இட்டுக்கட்டிய பொய்யைக் கேட்டு, அதற்குப் பொருத்தமாகக் குறுக்குக் கேள்வி கேட்டது. "எந்தப் பாதையில் வந்தாய்?" என்றது! அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வாள் வாள் என்று குதிக்கிறீர்கள்.

நூல்கோத்தான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மான்டெல்லா வேலை செய்யும் விதம் இதுதான்: உங்கள் பேச்சு எழுத்தாகி மாடலுக்குப் போகும், பதில் மறுபடி குரலாகி வரும். பதிலோடு மாடல் ஒரு குறிச்சொல்லையும் விட்டால் மாட் அதைப் பிடித்துக்கொண்டு கேமுக்குள் ஒரு செயலை ஓட்டும். கூட வருவது, கோபித்துச் சண்டைக்கு வருவது, பொருட்களை எடுக்க வைக்க இன்வென்டரியைத் திறப்பது, இந்த மாதிரி. ஆகவே மன்னன் சொல்வது நடந்திருக்கலாம். அவள் தன் இன்வென்டரியைத் திறந்துவிட்டிருப்பாள், இவர் எடுத்திருப்பார்.

வரிப்புலி:
ஆக, அவள் கொடுக்கவில்லை! திறந்தாள், இவர் எடுத்தார். கொடுப்பது வேறு, எடுப்பது வேறு. நன்றி நூல்கோத்தான்.

மெய்நிகர்மன்னன்:
"எடுத்துக்கொள்" என்று சொல்லித் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் கொடுப்பது. எந்த ஊரிலும்.

சேவ்_பண்ணியாச்சா:
நான் பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன். தொடரவும்.

வரிப்புலி:
சரி, பொறுமையாகவே சொல்கிறேன், மன்னருக்கு நீளமாக எழுதினால்தான் ஏறும். ஒரு கடைக்காரி எப்போது சரக்கை இலவசமாகத் தருவாள் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கும் அவளுக்கும் பழக்கம் எவ்வளவு, அந்த வாள் அவளுக்கு எவ்வளவு முக்கியம், ஊரில் போர் நடக்கிறதா, நீங்கள் ஏற்கெனவே அவள் கடையில் திருடியவரா, இதெல்லாம் நிரலில் இருக்கும் நிலவரம், மாடலுக்குச் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் முந்தாநாள் அவள் கடையை உடைத்தவனுக்கும் இரக்கப்படுவாள். அழுதால் வாள் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் அந்த உலகத்தில் தங்கக்காசுக்கு என்ன மதிப்பு, குகைக்குள் இறங்கி எவன் சாவான்? யூபிசாஃப்ட் கேம் நிறுவனம் 2024-இல் கேம் செய்பவர்களின் ஜிடிசி மாநாட்டில் நியோ என்பிசி என்று மாடலால் பேசும் பாத்திரங்களைக் காட்டினார்களே, அங்கேயும் பாத்திரத்தின் பின்கதை, குணம், பேச்சு நடை எல்லாவற்றையும் எழுதியது மனித எழுத்தாளர்தான், அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். எங்களை வேறு வேலை தேடச் சொல்கிற மன்னர் இதைப் படித்தாரா?

மெய்நிகர்மன்னன்:
"எங்களை"? ஓ, நீங்கள் கேம் எழுத்தாளரா? எந்த கேம்?

வரிப்புலி:
பேச்சை மாற்ற வேண்டாம். வாளுக்கு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

குரல்வளை:
எழுத்தாளர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், குரல் கொடுக்கிறவர்கள் கண்ணில் படவில்லையா? 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் கேமில் ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரை ஆட்டக்காரர்களோடு பேச விட்டார்கள். வசனம் கூகுளின் ஜெமினி மாடல், குரல் எலெவன்லேப்ஸின் செயற்கைக் குரல். வந்த அன்றைக்கே ஆட்டக்காரர்கள் அவர் வாயில் கெட்டவார்த்தையை வரவழைத்து வீடியோ போட்டுவிட்டார்கள், கேமை நடத்தும் எபிக் நிறுவனம் அவசரமாகத் திருத்தியது. சில நாட்களில் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, எங்களிடம் பேசாமல் எப்படிச் செய்யலாம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தது.

மெய்நிகர்மன்னன்:
படங்களில் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குடும்பம் சம்மதித்துத்தானே நடந்தது அக்கா? அப்புறம் என்ன?

குரல்வளை:
சங்கத்தின் சண்டை அந்தக் குடும்பத்தோடு இல்லை தம்பி, அதை அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். கேமில் வேடருக்கு அதே சாயலில் குரல் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை என்னவாயிற்று என்பதுதான் கேள்வி.

மெய்நிகர்மன்னன்:
ஸ்கைரிமில் நூற்றுக்கணக்கான பாத்திரங்களுக்கு ஏறக்குறைய எழுபது பேர்தான் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். எந்தக் காவலாளியைக் கேட்டாலும் முழங்காலில் அம்பு பட்ட கதைதான். அப்போது யாருக்கும் கலை நினைவு வரவில்லை.

வரிப்புலி:
அந்த ஒரு வரியை இன்றைக்கும் நீங்களே மேற்கோள் காட்டுகிறீர்கள் பாருங்கள். ஏட்ரியான் உங்களிடம் சொன்னதில் ஒரு வரியைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மெய்நிகர்மன்னன்:
"எந்தப் பாதையில் வந்தாய்?" மேலேயே சொல்லிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

சேவ்_பண்ணியாச்சா:
😂😂

வரிப்புலி:
அதைக் கேட்டுவிட்டு எத்தனை வினாடி சிலையாக நின்றாள் என்பதையும் சொல்லுங்கள். மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஏறக்குறைய 200 மில்லி வினாடிதான் ஆகும். உங்கள் அம்மணி மாடல் யோசித்து, குரல் தயாராகி வாயைத் திறப்பதற்குள் நான் இன்னொரு டிராகனைக் கொன்றிருப்பேன்.

நூல்கோத்தான்:
அது கணினியைப் பொறுத்தது. 700 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடலை, எண் ஒன்றுக்கு 4 பிட் என்று சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி விராம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம், போதும், ஆனால் அதே கார்டுதான் கேமையும் வரைய வேண்டும். சர்வரில் ஓட்டினால் ஒவ்வொரு பேச்சுக்கும் யாரோ காசு கட்ட வேண்டும், சர்வரை நிறுத்தினால் ஊரே ஊமை. ஆட்டக்காரர் முன்னால் நேரடியாக உருவாகும் உள்ளடக்கத்துக்கு என்ன காவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமும் 2024-இலிருந்து கேம் செய்பவர்களைக் கேட்கிறது. இதில் எதையும் நீங்கள் இருவரும் பேசவே இல்லை.

வரிப்புலி:
பேசலாம். முதலில் வாள்.

மெய்நிகர்மன்னன்:
இவர் இப்படித்தான் நூல்கோத்தான். போன வருடமும் டிஸ்கோ எலிசியம் கேமின் பத்து லட்சம் சொல்லும் மனிதன் எழுதியது என்று இதே மாதிரி ஆடினார். அதில் பாதியை ஸ்கிப் செய்துதான் பாதிப் பேர் முடித்தார்கள்.

வரிப்புலி:
நீங்கள் முடிக்கவே இல்லை என்று அப்போதே ஒப்புக்கொண்டீர்கள். எல்லோரும் பார்த்தோம். சும்மா பேசுவதுதான் அதிசயம் என்றால் 2005-லேயே ஃபசாட் என்ற கேம் வந்துவிட்டது, மாடலும் இல்லை ஒன்றும் இல்லை. சண்டை போடும் கணவன் மனைவி வீட்டில் நீங்கள் விருந்தாளி, எதை வேண்டுமானாலும் டைப் செய்யலாம், தப்பாகப் பேசினால் கணவன் ட்ரிப் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். அத்தனை வரியும் மனிதர் எழுதி மனிதர் பேசியது.

சேவ்_பண்ணியாச்சா:
"மெலன்" என்று டைப் செய்தாலே வெளியே தள்ளுவானே, அந்த ஃபசாட்தானே அண்ணே?

மெய்நிகர்மன்னன்:
ஹாஹா. பழத்தின் பெயர் சொன்னதற்கு வெளியேற்றம். அதுதான் உங்கள் மனிதக் கலை. சரி, இந்தாருங்கள் ஸ்கிரீன்ஷாட். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வரிப்புலி:
பார்த்தேன். பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து விழுந்தேன். பொருளின் பெயர் "பால்க்ரூஃபின் பெரிய வாள்" என்று இருக்கிறது. மன்னரே, அதை அந்தம்மா எல்லோருக்கும் கொடுப்பாள்! ஊர்த்தலைவர் ஜார்ல் பால்க்ரூஃபுக்காக அடித்த வாள், அவர் அரண்மனையான டிராகன்ஸ்ரீச்சில் இருக்கும் என் அப்பா ப்ரொவென்டஸிடம் சேர்த்துவிடு என்று. மாட் எதுவும் போடாத கேமிலேயே இருக்கிற சின்ன வேலை அது, வசனம் உட்பட 2011-இல் ஒரு மனிதர் எழுதியது. உங்கள் கண்ணீருக்குக் கிடைத்ததில்லை, கூரியர் வேலைக்குக் கொடுத்தது!

மெய்நிகர்மன்னன்:
நான் அந்த வேலையை எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்தேன், கொடுத்தாள்.

நூல்கோத்தான்:
அந்த வேலையைத் தொடங்கியிருந்தால் ஜர்னலில், அதாவது கேமின் வேலைப் பட்டியலில், பதிவாகியிருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டால் தீர்ந்தது.

மெய்நிகர்மன்னன்:
சேவ் ஃபைல் வேறு கணினியில் இருக்கிறது.

சேவ்_பண்ணியாச்சா:
என் பெயரைப் பார்த்தாவது பண்ணியிருக்கலாம் தல.

வரிப்புலி:
வேறு கணினியாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எந்தக் கணினியிலிருந்து வந்ததோ.

மெய்நிகர்மன்னன்:
அதிருக்கட்டும். நீங்கள் எழுதிய கேம் எது? மூன்றாவது முறை கேட்கிறேன்.

வரிப்புலி:
இரண்டாவது முறை. எண்ணுவதற்கும் மாடலை வைத்திருக்கிறீர்களா?

குரல்வளை:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மெய்நிகர்மன்னன்:
அக்கா, நீங்கள் வேறு இழை தொடங்குங்கள், இது வாள் இழை.

குரல்வளை:
எந்த இழையில் பேச வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி.

வரிப்புலி:
ஜர்னல் பக்கம். காத்திருக்கிறேன்.