பொருள்: 'பாசிவேஷன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் குப்பை பற்றி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'பாசிவேஷன்' என்ற இடத்தில் சிக்கிக்கொண்டேன். வேலை முடிந்த ராக்கெட் அடுக்கில் ('நிலை' என்பார்கள்) மிஞ்சிய எரிபொருளையும் அழுத்த வாயுவையும் திறந்துவிட்டு, மின்கலத்தையும் தீர்த்துவிடுவதுதான் அது. 2001 அக்டோபரில் ஏவிய பி.எஸ்.எல்.வி. சி3-இன் நான்காம் நிலை, அப்படிச் செய்யாமல் விட்டதால் டிசம்பரில் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அதன் பிறகுதான் இஸ்ரோ இதை வழக்கமாக்கியது. வேதியியலில் இதே சொல் உலோகத்தின்மேல் படியும் காப்புப் படலத்தைக் குறிப்பதால் அந்தப் பக்கமிருந்து கடன் வாங்க முடியாது.

– மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

சொல் நம்மிடம் இருக்கிறது: பொறியவிப்பு. ஆறாம் குறளில் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' வருகிறதல்லவா? பொறி என்றால் புலன், எந்திரம், தீப்பொறி. மூன்றையும் ஒருசேர அவிக்கிறோம். அக்குறள் 'நீடுவாழ்வார்' என்றே முடிகிறது. சுற்றுப்பாதைக்கும் அதுதானே வேண்டும்! அவிதல் தன்வினை, அவித்தல் பிறவினை. வேள்வித் தீயில் சொரியும் அவியும் இதே வேர்தான் என்பது என் துணிபு.

– தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

*

ஐயா, 'அவிசொரிந்து' என்னும் 259-ஆம் குறளின் அவி, வடமொழி ஹவிஸ். அதை இதனோடு முடிச்சுப் போடாதீர்கள். வேர் கிடக்கட்டும். எங்கள் பக்கம் அவிப்பதென்றால் புட்டும் இடியப்பமும்தான். பிள்ளைகள் வகுப்பில் சிரித்துவிடுவார்கள். செய்தித்தாள்கள் வெடிகுண்டுக்கு எழுதும் 'செயலிழக்கச் செய்தல்' எல்லாருக்கும் புரியுமே?

– அறிவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

*

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் 2012 ஏப்ரலில் திடீரென்று தொடர்பிழந்தது. எட்டு டன் எடை. இன்றும் 770 கிலோமீட்டர் உயரத்தில் கட்டளை கேட்காமல் சுற்றுகிறது. செயலிழந்த என்விசாட் செயலிழக்கச் செய்யப்படவில்லை என்று மாணவருக்கு எப்படிச் சொல்வீர்கள்? அந்த உயரத்தில் காற்று இழுவை மிகக் குறைவு. அங்கே வெடித்தால் துண்டுகள் தலைமுறைகளுக்குக் கீழே வராது. 2009-இல் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் 790 கிலோமீட்டரை ஒட்டி மோதின. அந்தச் சிதறலிலிருந்து இன்றைக்கும் செயற்கைக்கோள்கள் விலகிப்போக வேண்டியிருக்கிறது. ஆகவே தானாக நின்றுபோவதையும் நாம் திட்டமிட்டு அடக்குவதையும் சொல்லே பிரித்துக்காட்ட வேண்டும். 'எரிபொருள் வடிப்பு' எனலாமா என்று யோசித்தேன். மின்கலம் விடுபட்டுப் போகிறது. எடையற்ற நிலையில் எதுவும் வடியாது என்பது வேறு. 'ஆற்றல் நீக்கம்' சுமாராக ஒத்துவருகிறது.

– பொறியாளர், பெங்களூரு

*

இலங்கைப் பாடநூல்களில் ஆற்றல் இல்லை, சக்தி. அங்கே இது 'சக்தி நீக்கம்' ஆகவேண்டும். சாமி படத்தை அகற்றுவதுபோல் ஒலிக்கிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

– அறிவியல் ஆசிரியை

*

நேரமில்லை. 'ஆற்றல் நீக்கம்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'பாசிவேஷன் எனப்படும்' என்று சேர்த்துவிட்டேன். தனி அஞ்சலிலும் பலர் இதையே சொன்னார்கள். பாதிப்பேர் களைத்துப்போய்ச் சொன்னதாகத் தெரிகிறது. 'குப்பை'யா, 'சிதிலமா' என்பதை யாரும் இப்போது தொடங்கவேண்டாம்.

– மொழிபெயர்ப்பாளர்

*

போடுங்கள். சேர்த்து எழுதினால் லகரமும் நகரமும் புணர்ந்து 'ஆற்றனீக்கம்' என்றுதான் வரவேண்டும். இடைவெளி விட்டு இலக்கணத்திலிருந்து தப்பிக்கிறீர்கள். என் கோப்பில் பொறியவிப்புதான் இருக்கும்.

– தமிழாசிரியர் (ஓய்வு)

*

'ஆற்றனீக்கம்' என்று அச்சிட்டால் மணல் அள்ளுகிறார்கள் என்று நினைத்து யாராவது வழக்குத் தொடுப்பார்கள், ஐயா.

– பொறியாளர்