அம்மாவின் மிளகாய் நாற்று ஒவ்வொன்றாகச் சாய்கிறது, அவசரம்

கரைச்சிப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவுக்கு வந்து ஐந்து மாதம், இதுதான் முதல் குளிர்காலம். ஜனவரி நடுவில் வீட்டுக்குள் மிளகாய் நாற்றுப் போட்டேன். 40 விதையில் 31 முளைத்தது. மெல்லிசாக நீண்டு வளர்ந்தபோது நல்ல வளர்ச்சி என்றுதான் சந்தோஷப்பட்டேன். நேற்றுக் காலை ஆறு சாய்ந்து கிடந்தன. இன்றைக்கு இன்னும் ஒன்பது. மேலே இலை பச்சையாகவே இருக்கிறது, தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நனைந்த நூல் மாதிரி ஒடுங்கியிருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். அம்மா தந்த மிளகாய் இது. கையில் மீதி விதை கொஞ்சம்தான். இன்றிரவு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
தங்கச்சி, எதைச் செய்தாலும் மே மாத விக்ரோறியா நாள் லீவுக்கு முன் கன்றை வெளியில் வைத்துவிடாதீர்கள். நான் ரொறன்ரோவில் முதல் வருடம் ஏப்ரல் கடைசியில் வெயிலைப் பார்த்து ஏமாந்து 60 தக்காளிக் கன்று நட்டேன். ஒரே இரவு உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் வெந்த கீரை. நான் 1996இல் வந்தவன். பேஸ்மென்டில் நான்கு பேர், ஒரு யன்னல், அதில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். வன்னியில் முத்தையன்கட்டு வாய்க்காலில் காலை நனைத்து வளர்ந்த எனக்கு ஒரு வருடம் முழுக்க மண்ணைத் தொடக் கிடைக்கவில்லை. அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும். நீங்கள் வந்த முதல் குளிரிலேயே விதை போட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம்.

ஒட்டுசுட்டான் அக்கா:
விதையை ஊரிலிருந்து கொண்டுவந்தீர்களா பிள்ளை? விதை, செடி எதுவென்றாலும் விமான நிலையத்தில் சொல்லத்தான் வேண்டும், மறைத்துக் கொண்டுவரக் கூடாது. நாற்றுக்கு மஞ்சள் தூள் தூவுங்கள். தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்து அடுத்த நாள் ஊற்றுங்கள். நான் லண்டனில் மிளகாயை ஜனவரியிலேயே போட்டுவிடுவேன், பிந்தினால் காய்க்காது.

மல்லாவி:
மஞ்சள் நானும் தூவிப் பார்த்தேன் அக்கா, சாய்ந்தது சாய்ந்ததுதான். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றித்தான் பத்து வருடமாக வளர்க்கிறேன், ஒரு குறையும் இல்லை. ஜனவரியில் போட்டதுதான் பிழை. வெளிச்சம் இல்லாத மாதத்தில் முளைத்தால் நாற்று நூலாகத்தான் போகும். உண்மையைச் சொன்னால், மே மாதம் கடையில் கன்று வாங்கி வையுங்கள். இவ்வளவு கவலை தேவையில்லை.

கரைச்சிப் பிள்ளை:
கடையில் வாங்கலாம் அண்ணை, ஆனால் அது இந்த மிளகாய் இல்லையே. விதையாகக் கொண்டுவரவில்லை அக்கா, அம்மா கறிக்குத் தந்துவிட்ட காய்ந்த செத்தல் மிளகாயை உடைத்து எடுத்தது. போர் முடிந்து 2010இல் திரும்பிக் காணிக்குப் போனபோது கிணறு தூர்ந்து, வேலி இல்லாமல் கிடந்தது. பக்கத்துக் காணியில் தானாக முளைத்து நின்ற ஒரு மிளகாய்ச் செடியில் பழம் பறித்துத்தான் அம்மா முதல் நாற்றுமேடை போட்டா. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதன் விதைதான். அதனால்தான் பதறுகிறேன்.

பரந்தன் தம்பி:
அக்கா, உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது. போன வருடம் நான் ஒரு லைட் பூட்டியதற்கு வீட்டுக்காரர் கரண்ட் பில்லைக் காட்டிச் சண்டை பிடித்தார். சின்ன லைட், 20 வாட்ஸ்கூட இல்லை. வாடகையில் கரண்டும் சேரும் என்று சொல்லித்தான் வீடு தந்தவர்.

மாங்குளத்தான்:
வீட்டுக்காரர் கதையைத் தொடங்கினால் விடிந்துவிடும் தம்பி. எனக்குக் கிடைத்தவர் முற்றத்தில் ஒரு வெங்காயத்தாள் வைக்கவும் விடவில்லை, புல்லுப் பழுதாகிவிடுமாம். இங்கே கடையில் ஒரு புடோலங்காய், நாலு கத்தரி வாங்கும் காசுக்கு ஊரில் ஒரு கிழமைச் சந்தை முடித்துவிடலாம்.

மல்லாவி:
கத்தரியை விடுங்கள், அதில் சுவை எங்கே இருக்கிறது? வெட்டினால் பஞ்சு.

வட்டக்கச்சி:
பிள்ளை இன்றிரவு என்ன செய்வது என்று கேட்டு நிற்கிறா, நாங்கள் கத்தரி விலையில் நிற்கிறோம். தங்கச்சி, நான்கு விஷயம் சொல்லுங்கள். எந்த ஊர்? மண் எங்கே எடுத்தது? வெளிச்சம் என்ன? மேலே ஏதாவது மூடி வைத்திருக்கிறீர்களா?

கரைச்சிப் பிள்ளை:
எட்மன்ரன். பேஸ்மென்ட், சின்ன யன்னல்தான். மண் இலையுதிர் காலத்தில் பின் வளவில் தோண்டி வாளியில் வைத்தது. சூடு போகக் கூடாது என்று பொலித்தீன் மூடியிருக்கிறேன்.

வட்டக்கச்சி:
காரணம் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. இது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் தண்டின் அடியைத் தின்றுவிடும். ஊரில் நாற்றுமேடைக்கு வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்துவிட்டுத்தானே விதைப்போம்? அப்பா அம்மா அதைச் சும்மா செய்யவில்லை, இந்தப் பூஞ்சணத்தைக் கொல்லத்தான். இங்கே எரிக்க முடியாது. அதனால் கடையில் விதை முளைக்க வைக்க என்று விற்கும் கலவையை வாங்க வேண்டும், வளவு மண் வேண்டாம்.

சாய்ந்தவை திரும்பாது, மனதைத் தேற்றிக்கொண்டு பிடுங்கி எறியுங்கள். பொலித்தீனை இப்போதே எடுங்கள். மூடி வைப்பது முளைக்கும் வரைக்கும்தான். சின்ன மின்விசிறி இருந்தால் மெதுவாக ஓட விடுங்கள். மேல் மண் காயும் வரை தண்ணீர் வேண்டாம். பிறகு மேலே ஊற்றாமல், அடியில் ஓட்டை போட்ட கப்பைத் தண்ணீர்த் தட்டில் 20 நிமிடம் வைத்து எடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். கிளிநொச்சியில் வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்துக்குக் கிட்ட. எட்மன்ரனில் ஜனவரி நடுவில் எட்டு மணி நேரம்தான், அதுவும் உங்கள் யன்னலால் வருவது எவ்வளவு? செடிக்கென்று விற்கும் குரோ லைட்டைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, வெள்ளை வெளிச்சம் தரும் சாதாரண எல்ஈடி குழல் லைட் போதும். நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். வளர வளர லைட்டை உயர்த்துங்கள்.

மல்லாவி சொன்னது பாதி சரி, ஜனவரி உங்களுக்கு முந்திவிட்டது. மாங்குளத்தான் சொன்ன விக்ரோறியா நாள் கணக்கு ரொறன்ரோவுக்கு. உங்களுக்கு மே கடைசிவரை பொறுப்பது நல்லது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருமல்லவா, அந்த நாட்களை ஒட்டித்தான் உங்கள் நடவு. அதிலிருந்து பின்னோக்கி 10 கிழமை எண்ணுங்கள், மார்ச் நடு வரும். மீதி விதையில் பாதியை அப்போது போடுங்கள், மற்றப் பாதியைத் தொடாதீர்கள். மிளகாய் முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பேஸ்மென்ட் நிலத்தில் அது கிடைக்காது, குளிர்சாதனப் பெட்டிக்கு உள்ளே இல்லை, வெளியே அதன் தலைமேல் வையுங்கள். முளைத்த அன்றே லைட்டுக்குக் கீழே கொண்டு வாருங்கள்.

வெளியே நடும்போதும் நேரே கொண்டுபோய் வைக்கக் கூடாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு கிழமை, பத்து நாள் பழக்க வேண்டும். நிலத்தில் நடாமல் சட்டியில் வைத்தால் செப்டெம்பரில் குளிர் வந்ததும் உள்ளே தூக்கலாம். மிளகாய் ஒரு வருடத்தில் சாகும் செடி இல்லை.

கரைச்சிப் பிள்ளை (மார்ச் கடைசி):
அண்ணை, 16இல் 11 தப்பிவிட்டது! மார்ச் 15இல் 12 விதை போட்டேன், ஒன்பதாம் நாள் இரண்டு தலை காட்டியது, இன்றைக்கு ஏழு. வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுத்தான் லைட் பூட்டினேன், சரி என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், இலையைப் பார்த்தே தன்னுடையது என்கிறா. பழைய கன்று நீண்டு போனதால் அடுத்த சட்டியில் தண்டை ஆழமாகப் புதைக்கலாமா?

வட்டக்கச்சி:
தக்காளி என்றால் பாதித் தண்டைப் புதைக்கலாம், அதில் வேர் வரும். மிளகாயில் அதை நம்பாதீர்கள், முதலில் விரியும் விதையிலைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் போதும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள், இலை போனால் இன்னொன்று வரும்.