காரைக்குடி ரயிலுக்காகப் பெருங்களத்தூரில் கையெழுத்து வாங்கியபோது

பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பிள்ளைகளுக்குக் காரைக்குடி என்றாலே படிப்புதான். வள்ளல் அழகப்பர் 1947இல் அங்கே கல்லூரி தொடங்கினார். அப்புறம் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1985இல் பல்கலைக்கழகமும் வந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் எழும்பூரில் கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போய்விடலாம்.

அகலப்பாதை வேலைக்காக 2012இல் திருவாரூர் – காரைக்குடி பாதையை மூடினார்கள். முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓடியது 2019 ஜூனில்தான். இடையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து கல்லூரிக்கும் போய்விட்ட பிள்ளைகள் உண்டு. சென்னையில் இருக்கும் எங்களுக்கு ஆம்னி பஸ்தான் கதி. பொங்கல், தீபாவளிக்கு அதன் கட்டணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து, இந்தப் பாதையில் சென்னைக்குத் தினசரி ரயில் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு பெருங்களத்தூரில் நின்றால் போதும், ஊரே அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும். அப்படி ஒரு நாள் ஓர் அம்மா மனுவை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்: "தினசரி ரயில்னு போட்டிருக்கீங்க, சரி தம்பி. ஊர்ல எம் பொண்ணு காலேஜுக்குப் போற ரயில் எத்தனை மணிக்கு வேணும்னு எங்க எழுதியிருக்கு?" கல்லூரிக்கு வெகுநேரம் முன்பே பஸ் ஏறும் பெண் அவள். பட்டப்படிப்பு வரைக்கும் மாணவிகளுக்கு ரயிலில் இலவச சீசன் டிக்கெட் உண்டு. வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு ரயில் இல்லையென்றால் அந்தச் சலுகை இருந்தும் என்ன பயன்? அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டோம். எந்தக் கல்லூரி, எந்த ஊர்ப் பிள்ளைகள், மணி எத்தனைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதினோம்.

அந்த நோட்டோடு ஒரு ரயில்வே அதிகாரியைப் பார்த்தோம். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ரயிலுக்கு முன்னால கேட் கீப்பரைக் கேளுங்க" என்றார். விஷயம் இதுதான்: 2019இல் டெமு என்னும் டீசல் பாசஞ்சர் ரயில் ஓட ஆரம்பித்தபோது வழியில் உள்ள ரயில்வே கேட்டுகளுக்குப் போதுமான ஆட்கள் இல்லை. ரயிலிலேயே வரும் ஊழியர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி அதை மூடுவார். ரயில் தாண்டியதும் பின்னால் இருக்கும் ஊழியர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டர் கூட இல்லாத பாதைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதில் எந்த மாணவர் வகுப்புக்குப் போக முடியும்? அதற்குப் பிறகு எங்கள் மனுக்களில் முதல் வரியே கேட் கீப்பர் நியமனம்தான். ரயில் கேட்டுப் போராடும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ரயில் ஓடாததற்கு நிஜமான காரணம் பெட்டியா, ஆளா, பாதையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை ரயில் இந்த வழியாக வந்தது, பிறகு அது வாரம் மூன்று நாள் ஆனது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று தாம்பரம் – ராமேசுவரம் தினசரி ரயிலும் இதே பாதையில் கிடைத்தது. எத்தனையோ பேர், எத்தனையோ ஊர்ச் சங்கங்கள் வருடக்கணக்கில் கேட்டதன் பலன் அது. சிதம்பரம் வழியாகவும் போவதால் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் வசதி. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் ஒருவர் போன் போட்டு, "அண்ணே, இனிமே எங்கம்மா படுத்துக்கிட்டே வருவாங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது.

2024 பிப்ரவரியில் சாதாரண ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயிலிருந்து மறுபடி 10 ரூபாய்க்கு இறக்கியதும் மாணவர்களுக்குப் பெரிய உதவி.

நோட்டை இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு புதிய கால அட்டவணையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். காலையில் காரைக்குடிக்கும் மாலையில் திரும்பவும் வகுப்பு நேரத்துக்கு ஒத்துவரும் டெமு வேண்டும் என்பது அடுத்த மனு. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் படித்தால் ஏறும் நிலையம், கல்லூரி தொடங்கும் நேரம், விடும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.