எடிட்டிங் தவிர வேறு வருமானம்: ஆவணப்படத்துக்கு 24 மாதத்தில் பணம் சேர்க்க எதை முதலில் தொடங்குவது?

வெட்டுமேசை

தனியாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சொந்தமாக 60 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்து முடிக்க வேண்டும். 24 மாதம் கெடு.

கணக்கு எல்லாருக்கும் புரியட்டும் என்று, என் ஒரு மணி நேரக் கூலியை ஒரு 'மணி' என்றே வைத்துக்கொள்கிறேன். மாதம் 110 மணி பில் ஆகிறது. அதில் வரிக்கு 27, வீட்டுச் செலவுக்கு 63 போனால் மிச்சம் 20. படத்துக்கு நான் போட்டிருக்கும் பட்ஜெட் 900 மணி. இந்த வேகத்தில் 45 மாதம் ஆகும். வருமானத்தில் 70 சதவீதம் ஒரே க்ளையன்டிடமிருந்து வருகிறது.

டெம்ப்ளேட் (மற்ற எடிட்டர்கள் எழுத்தை மட்டும் மாற்றிப் பயன்படுத்தும் தயார் வடிவம்) விற்பது, ஸ்டாக் ஃபூட்டேஜ் (யாரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய பொதுக் காட்சிகள்), யூடியூப் சேனல், எடிட்டிங் வகுப்பு என்று நான்கு யோசனை இருக்கிறது. எதில் கை வைக்கலாம்? நான்கையும் சேர்த்தே தொடங்கிவிடலாமா?

வரவேடு

நான்கையும் சேர்த்துத் தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த 900-இல் உங்கள் சொந்த எடிட்டிங் உழைப்பையும் சேர்த்திருக்கிறீர்களா? அது காசாக வெளியே போகாது, நேரமாகத்தான் போகும். இரண்டையும் ஒரே பட்ஜெட்டில் கலந்தால் தவறான இலக்கைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, உள்ள கூலியைப் பாருங்கள். 10 சதவீதம் கூட்டினால் மாதம் 11 மணி கூடும். வரிக்கு நான்கில் ஒரு பங்கு போனாலும் 8 கையில் நிற்கும். புதிதாக ஒரு நிமிடம்கூட உழைக்காமல் வருகிற 8 அது. முதலில் புதிய க்ளையன்ட்களுக்குப் புதுக் கூலியைச் சொல்லுங்கள். அது இரண்டு மூன்று ப்ராஜெக்டில் தடையில்லாமல் போனபிறகு பழையவர்களுக்கு 60 நாள் முன்கூட்டி எழுத்தில் தெரிவியுங்கள். பெரிய க்ளையன்டிடம் கடைசியில் போங்கள். பேரம் படியாமல் போனாலும் மற்ற 30 சதவீதம் அதற்குள் உயர்ந்திருக்கும்.

வழிகள் எத்தனை என்பதை விட, அவை ஒன்றாக விழுமா என்பதுதான் முக்கியம். பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952-இல் முதலீட்டுக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும்: ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் பத்து வரவுகள் ஒரே வரவு மாதிரிதான். மூன்று விளம்பர நிறுவனங்களுக்கு எடிட் செய்தால் அது மூன்று வழி இல்லை. விளம்பரச் செலவு குறைகிற காலாண்டில் மூன்றும் ஒன்றாகவே நிற்கும். ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, "எந்த ஒரு நிகழ்வு நடந்தால் இந்த இரண்டும் நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். டெம்ப்ளேட், வகுப்பு, சேனல் மூன்றும் ஒரே மென்பொருளைச் சுற்றியே இருந்தால், அந்த மென்பொருள் மவுசு இழக்கும் நாளில் மூன்றும் சேர்ந்து விழும்.

வெட்டுமேசை

பார்த்தேன். 900-இல் 320 மணி என் எடிட்டிங்தான். வெளியே போகும் காசு 580.

ஒலிக்கீற்று

அப்படியென்றால் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் புதிதாக உட்கார்ந்து தயாரிக்காதீர்கள். கணக்கு இதோ.

ஒரு டைட்டில் டெம்ப்ளேட் தொகுப்பை உருவாக்க 60 மணி, விளக்கக் குறிப்பு, மாதிரி வீடியோ, விற்பனைப் பக்கம் இவற்றுக்கு 20 மணி என்று வைப்போம். விலை 0.8 மணி. விற்பனைத் தளம் 30 சதவீதம் எடுத்தால் கைக்கு 0.56. மாதம் 12 விற்றால் 6.7. "திறக்க மாட்டேங்குது", "எழுத்து மாறித் தெரியுது" என்று வரும் கடிதங்களுக்கு மாதம் 4 மணி போகும். மிஞ்சுவது 2.7. போட்ட 80 மணியை மீட்க 30 மாதம். உங்கள் கெடுவே 24.

க்ளையன்ட் வேலைக்காக நீங்களே செய்து, தினமும் பயன்படுத்தும் ஒன்றை எடுத்தால் அந்த 60 கணக்கில் வராது. மீட்க வேண்டியது 20 மட்டும், ஏழு எட்டு மாதத்தில் வந்துவிடும். ஆனால் அதன் உரிமை ஒப்பந்தப்படி உங்களிடம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று ஃபாண்ட். ஃபாண்ட் கோப்பைத் தொகுப்போடு சேர்த்துக் கொடுக்கப் பல உரிமங்கள் அனுமதிப்பதில்லை. சேர்க்காவிட்டால் வாங்கியவர் கணினியில் வேறு எழுத்தில் திறந்து வரிகள் நகர்ந்துவிடும். மறுவிநியோகத்துக்கு அனுமதி உள்ள திறந்த உரிம ஃபாண்டில் மட்டும் வடிவமையுங்கள். இரண்டாவது, மென்பொருள் பதிப்பு. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. ஒரு பதிப்பு பின்தங்கியே சேமித்து, "இந்தப் பதிப்பும் அதற்கு மேலும்" என்பதை விற்பனைப் பக்கத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.

ஸ்டாக் ஃபூட்டேஜ் பற்றி: இத்தகைய காட்சிகளை விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளம் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி பங்களிப்பாளருக்கு 15 முதல் 40 சதவீதம்; விற்பனை ஏற ஏறப் படி ஏறுவீர்கள், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் டிசம்பர் வரவை வைத்து ஜனவரிக்குத் திட்டமிடாதீர்கள். க்ளையன்டுக்கு எடுத்ததில் மிஞ்சிய ஷாட்களை ஏற்றவே கூடாது. முகம் அடையாளம் தெரிந்தால் அந்த நபர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். ஆவணப்படத்துக்காகப் படம் பிடிக்கப் போகும்போது இடம், ஒளி, வானம், கைவேலை என ஆளில்லாத ஷாட்களை 10 முதல் 20 விநாடி வரை ஸ்டாண்டில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் போகிற இடம்தான், தனியாகச் செலவு ஆகாது.

யூடியூபை இந்த 24 மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீள வீடியோ வழியில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெறவே 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதன்பிறகுதான் விளம்பரத்தில் 55 சதவீதம்.

வரவேடு

580 என்றதும் கதை மாறுகிறது. அதோடு கையிருப்பாக 190 சேருங்கள். அது மூன்று மாத வீட்டுச் செலவு. அது இல்லாவிட்டால் தாமதமாக வரும் முதல் இன்வாய்ஸே படத்துக்கான பணத்தைத் தின்றுவிடும். மொத்தம் 770. மாதம் 32. உங்களிடம் மிஞ்சும் 20-உம் கூலி உயர்வின் 8-உம் சேர்ந்தால் 28. ஆக, புதிய வழி கொண்டுவர வேண்டியது வரி போக மாதம் வெறும் 4. ஒலிக்கீற்று சொன்ன 6.7-இல் வரி கழித்தால் 5 நிற்கிறது (கடிதங்களுக்குப் போகும் 4 மணி உங்கள் நேரம்தான், காசு இல்லை). போதும். வகுப்பெல்லாம் வேண்டாம். அந்த 320 மணி நேரமும் மாதத்துக்கு 13 மணி என்று உங்கள் நாட்காட்டியிலிருந்துதான் வர வேண்டும். வகுப்பு அதே மாலைகளைத்தான் பிடுங்கும்.

பணத்தைப் பிரிப்பது மாதக் கடைசியில் நடக்கக் கூடாது. ஒவ்வொரு இன்வாய்ஸும் வந்து விழும் அன்றே சதவீதமாகப் பிரியுங்கள். 25 வரிக் கணக்குக்கு. மிச்சம் செலவுக் கணக்குக்குப் போகட்டும். அதிலிருந்து மாதம் 63 மட்டும் சம்பளம் போல எடுங்கள். 63-க்கு மேல் நிற்பது முதலில் கையிருப்புக்கு. கையிருப்பு 63-ஐத் தொட்டதும் பாதி கையிருப்புக்கும் பாதி படத்துக்கும். 190 ஆனதும் முழுவதும் படத்துக்கு. படக் கணக்கு வேறு வங்கியில் இருந்து, அதற்கு அட்டை வாங்காமலேயே விட்டால் இன்னும் நல்லது.

நீள்கோடு

இலக்கு எட்டிவிட்டது, ஆனால் அந்த 70 சதவீதம் அப்படியே இருக்கிறதே. அந்த க்ளையன்ட் நின்றால் 110 என்பது 33 ஆகிவிடும். அதைச் சரிசெய்யப் புதுத் தொழில் தேவையில்லை, அதே எடிட்டிங்கை வேறு துறைக்கு ரீடெய்னராக (மாதாமாதம் இத்தனை மணி என்று நிலையான ஒப்பந்தமாக) கொடுங்கள்: மாதம் 8 மணி, பணம் 1-ஆம் தேதிக்கு முன்பே, திருத்தம் இரண்டு சுற்று. அப்படி இரண்டு கிடைத்தால் பெரிய க்ளையன்டின் வேலையில் 16 மணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரம் அதிகமாகாது, பங்கு 70-லிருந்து 55-க்கு வந்துவிடும்.

ரீடெய்னர் கெடுவது ஓரிடத்தில்தான். பயன்படுத்தாத மணிகளைச் சேர்த்துவைத்து, ஐந்தாவது மாதம் 40 மணி வேலையை ஒரே வாரத்தில் கேட்பார்கள். "மீதி மணி அடுத்த மாதக் கடைசி வரை மட்டும் செல்லும்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பெரிய க்ளையன்டின் ஒப்பந்தத்தில், வேலையை நிறுத்துவதற்கான முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் கூலி உயர்வைப் பற்றிப் பேசும் அதே கடிதத்தில் 60 நாள் கேளுங்கள். உயர்வைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது அதை வாங்கிவிடுங்கள்.