புதுப்பிப்பு: காப்பீட்டு வேலையை விட்டுவிட்டு பேஸ்பால் அணியில் சேர்ந்துவிட்டேன்

காப்பீட்டு நிறுவனத்தில் இடர் கணக்குப் போடும் வேலையை விட்டு அமெரிக்க மேஜர் லீக் அணி ஒன்றில் பகுப்பாய்வாளராகப் போகலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் வேண்டாம் என்றீர்கள். சேர்ந்துவிட்டேன்.

சம்பளம் நன்றாகவே குறைந்தது. ஒரு இடத்துக்கு அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது எந்த அணி அள்ளிக் கொடுக்கும்? ஆனால் வேலை அருமை. 2015 முதல் லீக்கின் 30 மைதானங்களிலும் ஸ்டேட்காஸ்ட் (பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்ந்து அளக்கும் அமைப்பு) இருக்கிறது, 2020-இல் அதற்கு ஹாக்-ஐ கேமராக்கள் வந்தன, அதனால் பந்து எப்படிச் சுழல்கிறது, மட்டையை விட்டு என்ன வேகத்தில் கிளம்புகிறது என்று எல்லாமே கைக்கு வந்துவிடுகிறது.

எனக்குக் கொடுத்த பொறுப்பு கேட்சர்கள், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்கள். ஸ்டிரைக் (மட்டையாளருக்கு எதிராகக் கணக்காகும் பந்து) எல்லையை உரசும் பந்தை நடுவர் ஸ்டிரைக் என்று சொல்லும்படி லாவகமாகப் பிடிக்கிறவர் ஒரு சீசனில் எத்தனை ரன் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார், அதில் பந்து வீசியவரின் பங்கு எவ்வளவு, நடுவரின் பழக்கம் எவ்வளவு என்று பிரித்தெடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் மறந்துபோகிறது, நிஜமாகவே.

"விளையாடியிருக்க வேண்டுமா?" என்று கேட்டவர்களுக்கு: தேவையில்லை. சிக் மெஜ்டால் என்ற பகுப்பாய்வாளர் நாசாவில் வேலை பார்த்துவிட்டு 2005-இல் கார்டினல்ஸ் அணியில் சேர்ந்தவர். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க எஸ்க்யூஎல், அப்புறம் பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழி தெரிந்தால் போதும். பேஸ்பால் சாவன்ட் இணையதளத்தில் தரவு இலவசம். ஒரே ஒரு கேள்வியை எடுத்து ஆழமாகச் செய்து வெளியிடுங்கள், நேர்முகத்தில் என்னிடம் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

சரி, வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள். அணி உள்ளுக்குள் பயன்படுத்தும் கணக்கீட்டு மாதிரிகளைப் பற்றி மட்டும் பேச முடியாது.