எட்டாம் வகுப்பும் காலேஜ் பயமும்: யோசனை வேண்டும்

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 34 பிள்ளைகள், பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீடுகள். காலேஜ் என்றால் லட்சக்கணக்கில் பணம், எல்லாமே இங்கிலீஷ், ஃபர்ஸ்ட் ரேங்க் எடுப்பவர்களுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஜூனிலிருந்து மல்லுக்கட்டுகிறேன், அசையவில்லை.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்றேன். “அது சும்மா சொல்றது சார்” என்றார்கள். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கு ஒருநாள் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள் ஒருத்தி, கோயிலுக்கு வந்தது போல. கலாம் இதே தீவில் பிறந்தவர்தானே என்றால், வலைக்கயிறு அறுத்த விரலைச் சப்பிக்கொண்டே ஒருவன், “அவரு கலாம் சார், நாங்க யாரு?” என்கிறான். பதில் வரவில்லை எனக்கு.

பெற்றோர் கூட்டமும் வைத்தேன். ஆறு அம்மாக்கள் வந்தார்கள், அப்பாக்கள் கடலில். (ஏப்ரல் 15-க்குப் பிறகு, மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்திருக்க வேண்டும், என் தப்பு.)

கடலோரப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களே, இந்த வயதுப் பிள்ளைகளிடம் “காலேஜ் நமக்கில்லை” என்ற எண்ணத்தை உடைக்க உங்கள் வகுப்பில் நிஜமாகவே பலித்தது எது?